முடிந்த வேலை எத்தனை?

(மல்லாங்கிணற்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பில் 'ஸ்க்ரம்' என்ற சொல்லைப் பார்த்ததும் முன்வரிசையில் இருக்கும் மேடம் ஒருவர், "இது என்ன சார், புதுச் செயலியா? இதிலும் பதிவேற்றணுமா?" என்று கேட்டார். இல்லை மேடம். இதற்கு லாகின் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது, கடைசித் தேதியும் கிடையாது. தைரியமாகக் கேட்கலாம்.

ஆனால் ஒரு கடைசித் தேதியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது.

2018-19 கல்வியாண்டு. அப்போது நான் வேறொரு பள்ளியில் இருந்தேன். எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி, கணக்கில் சுட்டி. அப்பா இல்லை. அம்மா பட்டாசு ஆலைக்கு வேனில் போய்வருபவர். என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதினால் இவள் கட்டாயம் தேறுவாள் என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் நான்தான் சொன்னேன். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய். அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று இந்த வட்டாரத்தில் வேலை பார்க்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து வாங்குவது என் பொறுப்பு. வருமானச் சான்று வகுப்பாசிரியர் பொறுப்பு. பதிவேற்றம் கணினி தெரிந்த இன்னொரு ஆசிரியரின் பொறுப்பு. அந்த வாரம் எனக்கு வாக்காளர் பட்டியல் வேலை வந்தது. கணினி தெரிந்தவர் பயிற்சிக்குப் போய்விட்டார். வகுப்பாசிரியர் வேறு கணக்கெடுப்பில் இருந்தார். கேட்டால் மூன்று பேரும் ஒரே பதில்தான் சொல்லியிருப்போம்: "நடந்துக்கிட்டிருக்கு." நடந்துகொண்டே இருந்தது, தேதி முடிந்துவிட்டது. ஒருநாள் அந்தப் பிள்ளை வராந்தாவில் என்னை நிறுத்தி, "சார், ஹால் டிக்கெட் எப்ப சார் வரும்?" என்று கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த மாதம் எங்களில் ஒருவர்கூடச் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. மூன்று பேருமே மதிய உணவைத் தள்ளிப்போட்டு ஓடிக்கொண்டிருந்தோம். சோம்பேறித்தனத்தால் நடந்திருந்தால் திருத்திக்கொள்வது சுலபம். இது வேறு நோய் என்பது புரிய எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

விளக்கியவர் என் பழைய மாணவர். மதுரையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார். 2023இல் விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர் வீட்டுக்கும் வந்தார். வேலை எப்படியப்பா இருக்கு என்று கேட்டேன். "அதை ஏன் சார் கேக்குறீங்க? பதினோரு பேர், ஆறு புராஜெக்ட். ஒவ்வொருத்தரும் மூணு புராஜெக்ட்ல இருக்கோம். எதுவும் முடிய மாட்டேங்குது. இதுல போன வருஷம் ஸ்க்ரம் கொண்டு வந்தாங்க. அதுல இன்னும் மோசமாப் போச்சு" என்றார். ஸ்க்ரம் என்றால் என்ன என்று அன்றுதான் கேட்டேன்.

ரக்பி விளையாட்டில் இரண்டு அணியினரும் தோளோடு தோள் பிணைந்து பந்துக்காகத் தள்ளுவார்கள். அதற்குப் பெயர் ஸ்க்ரம். 1986இல் தாக்கேயுச்சி, நோனாக்கா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். புதுப் பொருள்களை வேகமாக உருவாக்கும் நிறுவனங்களில் வேலை தொடர் ஓட்டத்தில் குச்சி மாற்றுவதுபோல ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்குப் போவதில்லை, ரக்பி அணிபோல எல்லோரும் சேர்ந்தே பந்தை நகர்த்துகிறார்கள் என்றார்கள். இந்தக் கருத்தை எடுத்துக்கொண்டு 1993இல் அமெரிக்காவில் ஜெஃப் சதர்லாந்து என்பவர் மென்பொருள் குழு ஒன்றில் செய்துபார்த்தார். 1995இல் அவரும் கென் ஷ்வாபரும் ஒரு மாநாட்டில் இதை ஒரு முறையாக முன்வைத்தார்கள்.

முறை எளிமையானதுதான். பத்துப் பேருக்கு மேற்படாத ஒரு குழு. செய்ய வேண்டிய எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல். அந்தப் பட்டியலில் எது முதலில், எது அடுத்து என்று வரிசை சொல்ல ஒரே ஒருவர். ஒரு மாதத்துக்கு மிகாத குறுகிய சுற்று, பெரும்பாலும் இரண்டு வாரம். சுற்றின் தொடக்கத்தில் இந்த இரண்டு வாரத்தில் எதை முடிப்போம் என்று குழுவே முடிவு செய்யும். தினமும் 15 நிமிடத்துக்குள் ஒரு சந்திப்பு. சுற்று முடியும்போது, முடிந்த வேலையைக் கேட்டவரிடமே காட்டுவது. பிறகு குழு தனியாக உட்கார்ந்து, நாம் வேலை செய்த விதத்தில் எதை மாற்றலாம் என்று பேசுவது. இந்த முறை நடக்கிறதா என்று பார்த்து, தடைகளை நீக்க ஒருவர். அவர் மேலதிகாரி இல்லை. அவ்வளவுதான்.

இவ்வளவு எளிமையான முறை அந்த மதுரை நிறுவனத்தில் ஏன் நிலைமையை மோசமாக்கியது? ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு ஸ்க்ரம் குழு என்று ஆறு குழு போட்டிருக்கிறார்கள். இருப்பதோ பதினோரு பேர். ஒருவருக்கு மூன்று குழு என்றால் காலையில் மூன்று சந்திப்பு. முதலாவதில் 'நேற்று இங்கே ஒன்றும் செய்யவில்லை, அங்கே இருந்தேன்' என்று சொல்ல வேண்டும். இரண்டாவதிலும் அதேதான். "சார், ஏன் செய்யலைன்னு சொல்றதுக்கே காலை போயிரும்" என்றார் அந்த மாணவர். சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஹால் டிக்கெட் நினைவு வந்துவிட்டது.

இந்த இடத்தில் கணக்கு ஆசிரியராக ஒரு ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறேன். மூன்று வேலை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நாள் தேவை. ஒன்றை முடித்து அடுத்ததை எடுத்தால் முதல் வேலை 5ஆம் நாள் முடியும், இரண்டாவது 10ஆம் நாள், மூன்றாவது 15ஆம் நாள். சராசரி 10. இப்போது எல்லாரையும் திருப்திப்படுத்த நினைத்து, நாளுக்கு ஒரு வேலை என்று மாற்றி மாற்றிச் செய்கிறோம். முதல் வேலை 13ஆம் நாள், இரண்டாவது 14ஆம் நாள், மூன்றாவது 15ஆம் நாள். சராசரி 14. கடைசி வேலை ஒரு நாள்கூட முன்னால் முடியவில்லை. முதல் இரண்டு பேரை மட்டும் கூடுதலாகக் காக்க வைத்திருக்கிறோம். எட்டாம் வகுப்பில் மூன்று வண்ணச் சுண்ணாம்புத் துண்டுகளை வைத்து இதைச் செய்து காட்டுங்கள். பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். பெரியவர்களுக்குத்தான் நம்ப முடிவதில்லை.

இந்தக் கணக்கில் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரத்தை நான் சேர்க்கவே இல்லை. அது எவ்வளவு என்று சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கும் பெற்றோரைக் கேளுங்கள். மஞ்சள் ஓடிக்கொண்டிருக்கும்போது முதலாளி ஓடிவந்து நீலத்தில் ஓர் அவசர வேலை என்றால் மெஷினை நிறுத்தி, உருளைகளைக் கழுவி, மை மாற்றி, தாளைச் சரிபார்க்க வேண்டும். அந்த நேரம் முழுக்க ஒரு நல்ல தாள்கூட வெளியே வராது. முடிந்ததும் மறுபடி மஞ்சளுக்குக் கழுவ வேண்டும். அதனால்தான் காலண்டர் சீசனில் அவர்கள் ஒரே நிறத்து வேலைகளைச் சேர்த்து ஓட்டப் பார்ப்பார்கள். மெஷினைக் கழுவுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்திலிருந்து எமிஸ் பதிவுக்குப் போய், மறுபடி இயற்கணிதத்துக்குத் திரும்பும் ஆசிரியர் மண்டைக்குள் என்ன கழுவப்படுகிறது என்பது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

பலதிட்டங்களில் சிதறிக் கிடக்கும் குழுவைச் சரிசெய்ததற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. 2004-05இல் நடந்தது. மைக்ரோசாஃப்ட் தன் உள்பயன்பாட்டுக்கு வைத்திருந்த சுமார் 80 மென்பொருள்களைப் பராமரிக்கும் வேலை ஐதராபாத்தில் இருந்த ஒரு சிறு குழுவிடம் இருந்தது. நிரல் எழுதுபவர் மூன்று பேர், சோதிப்பவர் மூன்று பேர், அவர்களுக்கு ஒரு மேலாளர். உலகம் முழுக்க இருந்து பல பிரிவினர் 'இதை மாற்று, அதைச் சரிசெய்' என்று அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஒரு கோரிக்கை முடிய சராசரியாக ஐந்து மாதம் ஆனது. கெட்ட பெயர் எடுத்த குழு. ஆட்கள் திறமையானவர்கள்தான், வேலை வந்த விதம்தான் கோளாறு. ஒவ்வொரு கோரிக்கைக்கும் 'இதற்கு எத்தனை நாள் ஆகும்' என்று உடனே மதிப்பீடு தரவேண்டும் என்பது விதி. குழுவின் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த மதிப்பீட்டுக்கே போனது. அப்படி மதிப்பிடப்பட்டதில் பெரும் பகுதி கடைசிவரை செய்யப்படவே இல்லை. நமக்குப் பழக்கமான கதைதான். வேலை செய்வதைவிட, வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று படிவம் நிரப்புவதற்கு அதிக நேரம்!

திராகோஷ் துமித்ரியு என்ற திட்ட மேலாளர் டேவிட் ஆண்டர்சனின் ஆலோசனையோடு இதில் கைவைத்தார். யாருக்கும் புதுப் பதவி கொடுக்கவில்லை. மதிப்பீடு தருவதை நிறுத்தினார்கள். கையில் எடுக்கும் வேலைக்கு ஒரு வரம்பு வைத்தார்கள். ஒன்று முடிந்து இடம் காலியானால்தான் அடுத்தது உள்ளே வரும். எது உள்ளே வரவேண்டும் என்பதைக் கோரிக்கை வைக்கும் பிரிவினரே தங்களுக்குள் பேசி முடிவுசெய்ய வேண்டும். பிறகு, சோதிப்பவர் பக்கம் நேரம் மிஞ்சுவதைப் பார்த்து, மூன்றுக்கு மூன்று என்றிருந்த பங்கை நான்குக்கு இரண்டு என்று மாற்றினார்கள். கூடுதல் ஆள் போட்டது கடைசியில்தான். ஒன்பது மாதத்தில் ஐந்து மாதக் காத்திருப்பு ஏறக்குறைய இரண்டு வாரமாகக் குறைந்தது. ஆண்டர்சன் பின்னால் கான்பான் என்ற பெயரில் வளர்த்தெடுத்த முறைக்கு இந்த ஐதராபாத் குழுதான் தொடக்கம். இது ஸ்க்ரம் இல்லை. ஆனால் சிதறிக் கிடக்கும் இடத்தில் ஸ்க்ரம் கொண்டுவர நினைப்பவர் முதலில் வைக்க வேண்டிய படி இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஏனென்றால் 'படிப்படியாக' என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்க்ரமுக்கு அதை உருவாக்கிய இருவரும் எழுதிய ஒரு சிறு கையேடு உண்டு. 2020இல் வந்த பதிப்பு பத்துப் பதினைந்து பக்கம்தான். அதில் கறாராகச் சொல்கிறார்கள்: இதில் சில பகுதிகளை மட்டும் எடுத்துச் செய்ய முடியும், ஆனால் அதற்கு ஸ்க்ரம் என்று பெயர் வைக்காதீர்கள் என்று. அப்படியானால் எதைப் படிப்படியாகக் கொண்டுவருவது?

நம் மாநிலத்தில் வந்த செயல்வழிக் கற்றலை நினைத்துப் பாருங்கள். ரிஷிவேலியில் உருவான முறையைப் பின்பற்றி 2003இல் சென்னை மாநகராட்சியில் 13 பள்ளிகளில்தான் தொடங்கினார்கள். அப்போது எம்.பி. விஜயகுமார் ஆணையர். அந்த 13 பள்ளிகளிலும் முழுசாகச் செய்தார்கள். பாதி வகுப்பில் அட்டையும் பாதி வகுப்பில் பழைய முறையும் என்று கலக்கவில்லை. பிறகு மாநகராட்சிப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போய், 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது. என் அக்கா தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஏணியைப் பார்த்துப் பிள்ளையே தன் அட்டையை எடுத்து வந்து பாயில் உட்கார்ந்ததை முதல்முறை பார்த்தபோது, 'எனக்கு அங்க வேலையே இல்லாத மாதிரி பயமா இருந்துச்சு' என்று சொன்னது நினைவிருக்கிறது. யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். முடித்தால்தான் அடுத்த அட்டை. ஸ்க்ரம் என்ற சொல்லைக் கேள்விப்படாமலேயே நம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பலகை வைத்து வேலை செய்திருக்கிறார்கள்.

சில இடங்களில் முழுதாகச் செய்து பிறகு பரப்புவது ஒரு வழி. எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது இன்னொரு வழி. முதல் வழிதான் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்தச் 'சில இடத்தில்' இருப்பவர் அங்கேயே இருக்க வேண்டும். சென்னைப் பள்ளி ஆசிரியை காலையில் அட்டையும் மாலையில் வேறு பள்ளியில் பழைய பாடமும் எடுக்கவில்லை. மதுரை நிறுவனத்திலோ ஒரு குழுவில் முழு ஸ்க்ரம் தொடங்கினால், அதே ஆள் மற்ற இரண்டு குழுவிலும் இருக்கிறார். அதனால் சிதறலைக் குறைக்காமல் ஸ்க்ரமைக் கொண்டுவந்தால் கூட்டம்தான் மூன்று மடங்காகும். முதலில் சிதறல், பிறகு சுற்று, கடைசியில் பதவிப்பெயர்கள். இந்த வரிசையை மாற்றினால் வேலைக்கு ஆகாது.

அந்த நிறுவனம் இரண்டாம் முறை அப்படித்தான் செய்திருக்கிறது. ஆறு திட்டத்தின் வேலைகளையும் ஒரே சுவரில் ஒட்டினார்கள். பதினோரு பேரை இரண்டே குழுவாக்கினார்கள். ஒரு குழுவுக்கு மூன்று திட்டம். ஆனால் திட்டம் குழுவுக்குச் சொந்தம், ஆளுக்கு இல்லை. ஒரு சுற்றில் குழு முழுவதும் ஒரு திட்டத்தில், தவிர்க்க முடியாவிட்டால் இரண்டில் இருக்கும். காலைச் சந்திப்பு குழுவுக்கு ஒன்று. பழைய வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் திடீர்ப் புகார்களுக்கு வாரம் ஒருவர் காவல். அந்த வாரம் அவருக்கு வேறு வேலை கிடையாது, மற்றவர்களை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. இது நன்றாக நடந்த பிறகுதான் இரண்டு வாரச் சுற்று வந்தது. அதற்கப்புறம் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு முடிந்ததைக் காட்டுவது. கடைசிவரை இழுத்தது ஒன்றுதான், திட்டங்களுக்கு இடையே எது முதலில் என்று சொல்ல ஒரே ஒருவர். மூன்று முதலாளிகளும் 'என்னுதுதான் அவசரம்' என்றிருக்கிறார்கள். அதை முடிவுசெய்யவே நான்கு மாதம் ஆனதாம்.

இனி நம் பள்ளி. நாங்கள் தலைமையாசிரியையோடு எட்டுப் பேர். 2023 ஜூனில் ஆசிரியர் அறையில் சும்மா கிடந்த ஒரு பழைய பச்சைப் பலகையை எடுத்து மூன்று பாகமாகக் கோடு போட்டோம். தொடங்கவில்லை, நடக்கிறது, முடிந்தது. சீட்டுக்கு அலையவில்லை. சிவகாசிக் காலண்டர் இல்லாத வீடு எது? கிழித்த தினசரித் தாளின் பின்பக்கத்தில் ஒரு தாளுக்கு ஒரு வேலை எழுதினோம். பாடநூல் வழங்கல், ஆதார் திருத்தம், உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், வானவில் மன்றம், கலைத் திருவிழா, வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பு... வகுப்பெடுப்பதை எழுதவில்லை, அது மூச்சு விடுவது மாதிரி. மற்றதை மட்டும் எழுதினோம். 'நடக்கிறது' பாகத்தில் மட்டும் 30 தாள்! தலைமையாசிரியை நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு நான் கொடுத்ததா?" என்றார்.

ஒரு வாரத்தில் எத்தனை முடிகிறது என்று எண்ணினோம், ஆறு. 30ஐ 6ஆல் வகுத்தால் 5. அதாவது இன்று கையில் எடுக்கும் எந்த வேலையும் முடிய சராசரியாக ஐந்து வாரம் ஆகும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் நிறுவிய விதி. ஐந்து வாரத்தை இரண்டாக்க இரண்டே வழிதான். ஒன்று, வேகத்தை இரண்டரை மடங்காக்க வேண்டும். அது நடக்காது. இன்னொன்று, கையில் எடுப்பதைக் குறைக்க வேண்டும்.

குறைக்கலாம் என்றதும்தான் சண்டை. ஆளுக்கு இரண்டு தாளுக்கு மேல் 'நடக்கிறது' பாகத்தில் கூடாது என்றேன். "மேலிருந்து வந்தா என்ன சார் பண்றது? இடமில்ல, அப்புறம் வாங்கன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. அப்போது அறிவியல் ஆசிரியர்தான் பட்டாசு ஆலையைச் சொன்னார். அங்கே ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்று வரம்பு உண்டு. ஆர்டர் குவிகிறது என்று அந்த வரம்பை மீறிய இடங்களில் என்ன நடந்தது என்று நம் பிள்ளைகள் வீட்டுக்கு நாம் போய் வந்திருக்கிறோம். "நாம மீறினா யாரும் சாகறதில்ல. அதனாலதான் கூசாம மீறுறோம்" என்றார். அறை கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது.

கடைசியில் மதுரைக்காரர்களின் 'வாரக் காவல்' யோசனையைக் கடன் வாங்கினோம். திடீரென்று வாட்ஸ்அப்பில் வரும் உத்தரவுகளுக்குப் பலகையின் ஓரத்தில் ஒரே ஒரு தாள் ஒட்டும் அளவுக்குத் தனி இடம். அந்த வாரத்துக்குரிய ஆசிரியர் அதைப் பார்ப்பார். அவருடைய தாள்களை மற்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள். இரண்டாவது அவசரம் வந்தால் எது நிஜ அவசரம் என்று தலைமையாசிரியை சொல்ல வேண்டும். அவர் சொன்னதும் உண்டு, திணறியதும் உண்டு. சில வாரம் அந்த இடத்தில் நாலு தாள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும். மறைக்க விரும்பவில்லை.

அதைவிடப் பெரிய தவறு நான் செய்தது. இரண்டு மாதம் ஓடியதும், கணக்கு வாத்தியார் புத்தி, யார் எத்தனை தாள் முடித்தார் என்று ஒரு பட்டியல் எழுதிப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். மறுநாள் தமிழாசிரியை தன் தாள்களை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. அவருடைய ஒரு தாள், ஏழாம் வகுப்பில் வாசிக்க வராத ஆறு பிள்ளைகள். என்னுடைய தாள்கள், ரிஜிஸ்டர் சரிபார்ப்பு போன்றவை. இரண்டையும் ஒன்று ஒன்று என்று எண்ணியிருக்கிறேன். அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "சார், பலகை நமக்கா, நம்மள அளக்கறதுக்கா?" என்று கேட்டார். பட்டியலைக் கிழித்துப் போட்டோம். அந்தத் தாளையும் கிழித்து, பிள்ளைக்கு ஒன்றாக ஆறு தாளாக்கினோம். 'முடிந்தது' என்றால் என்ன என்றும் அப்போதுதான் எழுதினோம்: அந்தப் பிள்ளை தெரியாத ஒரு பத்தியை இன்னொரு ஆசிரியர் முன்னால் வாசிக்க வேண்டும். ஸ்க்ரமில் இதற்கு ஒரு தனிப்பெயரே உண்டு. 'முடிந்தது' என்பதற்கு எல்லோரும் ஒரே பொருளைச் சொல்ல வேண்டும் என்று கையேடு வலியுறுத்துகிறது. எங்கள் என்.எம்.எம்.எஸ். விஷயத்தில் எனக்கு 'முடிந்தது' என்றால் படிவம் வாங்கியாயிற்று, அவ்வளவுதான்.

காலைச் சந்திப்பை அந்த ஆண்டு காலாண்டுத் தேர்வுக்குப் பிறகுதான் தொடங்கினோம். தினமும் முடியவில்லை. திங்கள், புதன், வெள்ளி, வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன் எட்டு நிமிடம், நின்றபடியே. உட்கார்ந்தால் டீ வந்துவிடுகிறது. இரண்டு வாரச் சுற்று அடுத்த ஜூனில் வந்தது. அதற்கு ஸ்பிரிண்ட் என்று பெயர் சொன்னால் யாருக்கும் ஒட்டவில்லை, 'சுற்று' என்றே சொல்கிறோம். சுற்றின் கடைசி வெள்ளி மாலை, என்ன மாற்றலாம் என்று பேச்சு. அதில் முதல் நான்கு முறை எல்லோரும் "நல்லாத்தான் போகுது" என்றார்கள். ஐந்தாம் முறைதான் ஒருவர் வாய் திறந்தார். தடை நீக்குபவர் என்று தனியாக யாரையும் வைக்கவில்லை, தமிழாசிரியை தானாகவே அப்படி ஆகிவிட்டார். கையேட்டின்படி பார்த்தால் நாங்கள் செய்வது இன்னமும் ஸ்க்ரம் இல்லை. இருக்கட்டும்.

மாணவர்களிடம் கொண்டுபோகலாமா என்று கேட்பீர்கள். நெதர்லாந்தில் வில்லி வைனண்ட்ஸ் என்ற பள்ளி ஆசிரியர் 2011இல் தன் வேதியியல் வகுப்பில் இதைத் தொடங்கினார். நாலைந்து பேர் குழு, சுவரில் ஒரு பெரிய தாள், எதைக் கற்க வேண்டும் என்பதை ஆசிரியர் சொல்வார், எப்படி என்பதைக் குழு முடிவுசெய்யும். எடுஸ்க்ரம் என்று அதற்குப் பெயர். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடத்துக்கு மட்டும் செய்துபார்த்தேன். இரண்டு குழு அருமையாகச் செய்தது, ஒரு குழுவில் ஒரே பிள்ளை எல்லாவற்றையும் செய்துவிட்டாள். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். முதலில் ஆசிரியர் அறை சரியாகட்டும் என்பது என் கட்சி.

இப்போது 'நடக்கிறது' பாகத்தில் பெரும்பாலும் 14, 15 தாள்தான் இருக்கும். தேர்தல் வேலை வந்தால் 20ஐத் தாண்டும். தாண்டும்போது கண்ணுக்குத் தெரிகிறது, அப்போது எதையாவது இறக்கி வைக்கிறோம்.

என்.எம்.எம்.எஸ். அறிவிப்பு வந்ததும் முதலில் ஒட்டுவது அந்தத் தாள்களைத்தான். பிள்ளைக்கு ஒரு தாள். கடைசித் தேதி சிவப்பு மையில். படிவம், சான்று, பதிவேற்றம் என்று மூன்று பேர் பங்குபோடுவதில்லை. தாளின் கீழே ஒரே ஓர் ஆசிரியர் பெயர்தான் இருக்கும். ஹால் டிக்கெட் நகல் பிள்ளையின் கையில் கிடைத்த பிறகுதான் அந்தத் தாள் 'முடிந்தது' பாகத்துக்குப் போகும்.